அண்ணியைப் பற்றி விசாரித்தார்கள்

பிப்ரவரி 9

நாத்தனாருக்கு,

அன்புள்ள என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. வரும்போது எழுதிக்கொள்கிறேன்.

நேற்று மதியம் உன் குரலைக் கேட்டேன். நான் கேட்பது உனக்குத் தெரியாது. எங்கள் கீழ்வீட்டுத் தையல்காரம்மா நம் சலவைக் கம்பெனிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, தையல் மெஷின் மேலே வைத்தார். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். "நாங்க புதுசா லாட்ஜ் ஆரம்பிக்கிறோம். துணிப் பிரிவுக்கு ஒரு அம்மா வேலை கேட்டு வந்திருக்காங்க. உங்ககிட்ட சூப்பர்வைசரா இருந்தாங்களாம். ஆள் எப்படி?" என்று கேட்டது அவர்தான். நடிப்பு அவருக்கு நன்றாகவே வருகிறது.

நான் சேர்ந்த வருஷத்தைச் சொன்னாய். நின்ற மாதத்தைச் சொன்னாய். பதவியையும் சொன்னாய். அதுவரை சரி. "வேலை எப்படிச் செஞ்சாங்க?" என்றதும் உன் பக்கம் சத்தமே இல்லை. பிறகு ஒரு பெருமூச்சு. பிறகு, "அதைப் பத்தி நாங்க ஒண்ணும் சொல்ற மாதிரி இல்லீங்க" என்றாய். "திரும்ப வந்தா எடுத்துக்குவீங்களா?" என்றதற்கு, "இல்லீங்க." தையல்காரம்மா போனை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். வேலை போய் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து என்னோடு பழகுகிறவர், என் கையால் டீ குடிக்கிறவர். அவரே, "ஏம்மா, அங்க என்னதான் நடந்துச்சு?" என்று கேட்டுவிட்டார்.

இப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்குகிறது. பெரிய ஓட்டல் ஒன்றில் என்னைத் துணி தேய்க்கும் சூட்டு உருளைக்கு முன்னால் நிற்க வைத்துப் பார்த்தார்கள். நான் துணி கொடுக்கும் விதத்தைப் பார்த்து அங்கிருந்த பையன்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். திங்கட்கிழமை வந்துவிடுங்கள் என்றார்கள். திங்கட்கிழமை போனால் வாசலிலேயே, "வேற ஆள் போட்டாச்சு" என்றார்கள். அதற்குப் பிறகு போன இரண்டு இடத்திலும் இதே கதை. என் முகராசிதான் சரியில்லையோ என்று உன் அண்ணன்கூடச் சொன்னார். என் முகத்துக்கு ஒரு குறையும் இல்லை. உன் வாய்தான் காரணம்.

உருளைக்குள் கை போகாமல் தடுக்கும் காப்புக் கம்பியைக் கட்டி வைக்காதீர்கள் என்று சொன்னதற்காகத்தான் என்னை வெளியே அனுப்பினார்கள். அது உனக்குத் தெரியும். ஊருக்கு முன்னால் வாயாடி என்று பெயர் வாங்கியவள் நீ, அந்த ஒரு வரியைச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை.

போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன். போனில் சொன்னதைச் சொன்னவர் மறந்துவிடுகிறார், கேட்டவர் பிடித்துக்கொள்கிறார். என் பிழைப்பு அப்படித்தான் போயிருக்கிறது. சொல்ல வேண்டியது இருந்தால் எழுது.

உன் அண்ணன் மனைவி

பிப்ரவரி 15

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குத் தெரியாமல் குளியலறையில் வைத்துப் படித்தேன். கண்ணாடியில் என் முகத்தையே பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். ஆள் வைத்து வேவு பார்க்கும் அளவுக்கு நான் வேண்டாதவள் ஆகிவிட்டேனா? அந்த லாட்ஜ்காரம்மா பேசும்போதே எனக்குச் சந்தேகம்தான். லாட்ஜ் நடத்துகிறவர்கள் யாரும் இதுவரை என்னிடம் அவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை.

நீங்கள் போன மறுநாளே கஞ்சிச்சட்டை என்னை அறைக்குக் கூப்பிட்டார். நீங்கள் மேனேஜருக்கு வைத்த பெயர் இப்போது கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது, அவருக்கு மட்டும்தான் தெரியாது. சட்டை அன்றைக்கும் அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. "உங்க அண்ணியைப் பத்தி யாராவது விசாரிச்சா, ஆஸ்பத்திரித் துணியெல்லாம் நிறைய காணாமப் போச்சு, அப்ப அவங்கதான் பொறுப்புல இருந்தாங்கன்னு சொல்லிடு" என்றார். ஒரு தலையணை உறைகூடக் காணாமல் போனதில்லை என்பது அவருக்கே தெரியும். நான் அழுதேன். கெஞ்சினேன். "சார், நல்லதா சொல்ல வேண்டாம். கெட்டதாவும் சொல்ல வேண்டாம். தேதியை மட்டும் சொல்லிட்டுப் பேசாம விட்டுடறேன்" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்தார். "சரி, அதுவே போதும்" என்றார்.

அந்தச் சிரிப்பு எனக்கு அப்போது புரியவில்லை அண்ணி. உங்களைத் திருட்டுப் பட்டத்திலிருந்து காப்பாற்றிவிட்டோம் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். என்றைக்காவது உங்களுக்குத் தெரியவந்தால், என்னைத் தட்டிக்கொடுப்பீர்கள் என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தேன். இப்படிக் கடிதம் வரும் என்று நினைக்கவில்லை.

பெருமூச்சு மட்டும் யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை. உங்களைப் பற்றி யார் பேசினாலும் தானாக வந்துவிடுகிறது.

என் பக்கத்தையும் பாருங்கள். நீங்கள் தலை நிமிர்ந்து வெளியே போய்விட்டீர்கள். அந்த மனுஷனுக்கு எதிர் மேசையில் தினமும் உட்கார்கிறவள் நான். அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவள் நான். அண்ணன் வாரத்துக்கு ஒரு தடவை போன் பண்ணி, "எல்லாம் சரியாகிடும்" என்கிறார், அதோடு அவர் கடமை முடிந்துவிடுகிறது. கம்பியைக் கட்டினால் கட்டிவிட்டுப் போகட்டும் என்று நீங்கள் கண்டும் காணாமல் இருந்திருந்தால், இன்றைக்கு எல்லோரும் ஒரே வீட்டில் இருந்திருப்போம். இது என் வார்த்தை இல்லை, அம்மாவின் வார்த்தை. ஆனால் அம்மா சொன்னபோது நான் மறுத்துப் பேசவும் இல்லை.

நாத்தனார்

பிப்ரவரி 21

நாத்தனாருக்கு,

கண்டும் காணாமல் இருந்திருக்கலாம் என்று அத்தை சொல்வதில் எனக்கு ஆச்சரியமில்லை. அவர் அந்த உருளைக்குப் பக்கத்தில் நின்றதில்லை. நீ ஆபீசில் உட்காருவதற்கு முன்னால் ஆறு மாதம் என் லைனில் நின்றவள். உனக்கு ஞாபகம் இல்லாமல் போனதுதான் ஆச்சரியம்.

ஈர விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்துச் சூட்டு உருளைக்குள் கொடுக்கிறோம். கொடுக்கும் இடத்தில் குறுக்கே ஒரு கம்பி. விரல் அதைத் தொட்டால் மெஷின் நின்றுவிடும். விரிப்பின் ஓர மடிப்பு தடித்து வந்தாலும் அதைத் தொடும், அப்போதும் நின்றுவிடும். அப்படி அடிக்கடி நிற்பதுதான் கஞ்சிச்சட்டைக்குப் பொறுக்கவில்லை. பழைய விரிப்பை நாடாவாகக் கிழித்துக் கம்பியை அசையாமல் கட்டச் சொன்னார். கட்டிய வாரமே லைனில் நின்ற குட்டையக்காவின் கை உள்ளே போனது. உருளை அந்தக் கையை என்ன செய்தது என்று நீயும்தான் பார்த்தாய், பார்த்துவிட்டு வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தாய். அன்றிலிருந்து நான் தினமும் காலையில் கத்திரியை எடுத்துக்கொண்டு போய் நாடாவை அறுத்தேன். மறுநாள் புது நாடா கட்டியிருக்கும். மறுபடி அறுத்தேன். இதில் நான் விட்டுக்கொடுக்க என்ன இருக்கிறது?

என்னைக் காப்பாற்ற நினைத்தாய் என்பதை நம்புகிறேன். உன்னை எனக்குத் தெரியும். ஆனால் நீ செய்த காரியத்தையும் கேட்டுக்கொள். துணி காணாமல் போனது என்று நீ சொல்லியிருந்தால், எவ்வளவு துணி, எப்போது, போலீசில் சொன்னீர்களா என்று யாராவது ஒருவர் கேட்டிருப்பார். பொய்யைப் பிடித்து உலுக்கிவிடலாம். நீ வாயை மூடிக்கொண்டதை நான் எங்கே போய்ப் பிடிப்பேன்? கேட்டவர்கள் அந்த இடத்தில் அவரவர்க்குத் தோன்றியதைப் போட்டுக்கொண்டார்கள். ஒருவருக்கு நான் திருடி. இன்னொருவருக்கு நான் குடிகாரி. மூன்றாமவருக்கு என்னவோ, அதை நினைக்கவே கூசுகிறது. கஞ்சிச்சட்டை அதனால்தான் சிரித்திருக்கிறார்.

இங்கே தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். "அம்மா, அவங்க பொய் ஒண்ணும் சொல்லலையே. தேதி சரி, பதவி சரி. பேசாம இருந்ததை நான் எதுல சேர்க்கறது? நீங்க போற இடமெல்லாம் வேலை கிடைக்கக் கூடாதுன்னு திட்டம் போட்டு, இப்படித்தான் பேசணும்னு சொல்லிக் கொடுத்திருந்தா அது வேற. அதை யாராவது வந்து சொல்லணும். இருக்காங்களா?" என்றார்.

என் பையில் உன் கடிதம் இருந்தது. எடுத்து மேசையில் வைத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். வைக்கவில்லை. உன்னைக் கேட்காமல் உன் வார்த்தையை நான் பயன்படுத்தினால், எனக்கும் அந்த ஆளுக்கும் என்ன வித்தியாசம்? இத்துடன் அதைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கிழித்துப் போட்டாலும் போடு. ஆனால் நீயே வந்து உன் வாயால் சொல்ல வேண்டும் என்று கேட்கிறேன். கெஞ்சவில்லை, கேட்கிறேன்.

அண்ணி

பிப்ரவரி 27

அண்ணிக்கு,

கடிதத்தைக் கிழித்துவிட்டேன். என்னால் முடியாது.

போன மாதம் நம் கம்பெனி லாரி ஷெட்டில் ஒருவர் முதலாளியை எதிர்த்துப் பேசினார். இப்போது அவருக்கு இந்த ஊரில் யாரும் வேலை கொடுப்பதில்லை. எங்கே போய்க் கேட்டாலும் இங்கேதான் விசாரிக்கிறார்கள், போனை எடுக்கிறவளும் நான்தான். எனக்கும் அதே கதி வந்தால் நானும் அம்மாவும் எங்கே போவோம்? உங்களுக்கு அண்ணன் இருக்கிறார். எனக்கு யார் இருக்கிறார்கள்?

உங்களுக்குத் தைரியம் இருக்கிறது. எல்லோருக்கும் அப்படி இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். என்னை விட்டுவிடுங்கள்.

மார்ச் 5

நாத்தனாருக்கு,

விட்டுவிட்டேன். இனி உன்னை அதைப் பற்றிக் கேட்க மாட்டேன். கோபத்தில் எழுதவில்லை. கோபம் இருக்கிறது, ஆனால் இது அதில் எழுதியது இல்லை.

இங்கே பெரிய ஆஸ்பத்திரிக்குச் சொந்தமாகவே சலவைக் கூடம் இருக்கிறது. நேற்று அங்கே போனேன். பொறுப்பாளர் ஒரு அம்மா, கறாரான பேர்வழி, சிரிப்பதற்குக்கூடக் கணக்குப் பார்ப்பார் போலிருக்கிறது. அவர் கேட்பதற்கு முன்னால் நானே ஆரம்பித்துவிட்டேன். "என்னை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. நானா நிக்கலை" என்றேன். கம்பி, நாடா, கத்திரி, குட்டையக்கா எல்லாவற்றையும் சொன்னேன். "இதோ அவங்க நம்பர். நீங்க விசாரிச்சா என்னைப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பெருமூச்சு விடுவாங்க. திரும்ப எடுக்க மாட்டோம்பாங்க. அதைக் கேட்டுட்டு உங்களுக்கு என்ன தோணுதோ செய்யுங்க. ஆனா அதுக்கு முன்னாடி என் கதையை என் வாயால கேட்டுட்டீங்க" என்றேன்.

எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. இத்தனை நாள், எதையாவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்து பயந்து உட்கார்ந்திருந்தவள் நான். இனி எந்த இடத்துக்குப் போனாலும் இப்படித்தான். அவர்கள் மூடி வைத்ததை நானே திறந்து காட்டிவிட்டு உட்காரப்போகிறேன்.

அந்த அம்மா இந்த வாரத்தில் போன் பண்ணுவார். உன்னைத் தயார்ப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. முன்பு ஒட்டுக் கேட்டேன் என்று வருத்தப்பட்டாய் அல்லவா, அதனால் இந்தத் தடவை சொல்லிவிட்டுச் செய்கிறேன். நீ வழக்கமாகச் சொல்வதையே சொல்லு. உன் மேல் பழி போட மாட்டேன்.

அத்தைக்கு மருந்து தீர்ந்திருக்குமே, வாங்கிவிட்டாயா?

அண்ணி

மார்ச் 19

அன்புள்ள அண்ணி,

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. முதலில், எனக்கு வேலை போய்விட்டது. அழாமல்தான் எழுதுகிறேன்.

அந்த அம்மா போன் பண்ணியபோது கஞ்சிச்சட்டை என் மேசைக்குப் பக்கத்திலேயே நின்று ஏதோ பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேதியைச் சொன்னேன். பதவியைச் சொன்னேன். "வேலை எப்படி?" என்று கேட்டார். வழக்கம்போலப் பேசாமல்தான் இருந்தேன். அந்த நேரத்தில் உள்ளே உருளை ஓடும் சத்தம் கேட்டது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. நீங்கள் இருந்த காலத்தில் அது நின்று நின்று ஓடும், அந்தச் சத்தத்துக்கு நான் பழகியிருந்தேன். இப்போது காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்காமல் ஓடுகிறது. கட்டிய கம்பிக்கு முன்னால் யார் யாரோ சின்னப் பெண்கள் நிற்கிறார்கள். 

"நல்லா செய்வாங்க" என்று ஆரம்பித்தேன். பிறகு நிறுத்த முடியவில்லை. "ஈரத் துணியை மோந்து பார்த்தே சோப்பு சரியா அலசலைன்னு கண்டுபிடிச்சிடுவாங்க. நேரத்துக்கு வருவாங்க. கோபம் நிறைய வரும், கத்துவாங்க, சாயங்காலத்துக்குள்ள மறந்துட்டு நமக்கே டீ வாங்கித் தருவாங்க. இங்க காப்புக் கம்பியைக் கட்டச் சொன்னாங்க, அவங்க அறுத்துப் போட்டாங்க, அதுக்குத்தான் வெளிய அனுப்பினாங்க. இதுக்கு முன்னாடி யார் கேட்டாலும் ஒண்ணும் பேசக் கூடாதுன்னு எங்க மேனேஜர் சொல்லியிருந்தார். அவர் இப்ப என் பக்கத்துலதான் நிக்கிறார்" என்றேன்.

"திரும்ப எடுப்பீங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா, ஒன்றுமே நடக்காத மாதிரி.

"நான் முதலாளி இல்லீங்க. நானா இருந்தா ஓடிப்போய்க் கூட்டிட்டு வந்துடுவேன்" என்றேன்.

"நீங்க யார் பேசறது?"

"அவங்க நாத்தனார்."

அந்தக் கறார் அம்மா சிரித்துவிட்டார் அண்ணி. "நாத்தனாரே இவ்வளவு நல்லதா சொல்றாங்கன்னா நம்பித்தான் ஆகணும்" என்றார். அதற்குள் கஞ்சிச்சட்டை போனை விரலால் அமுக்கிவிட்டார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "இப்பவே கிளம்பு" என்றார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, "எதுக்கு அனுப்பறீங்கன்னு எழுதிக் குடுங்க சார்" என்றேன். எழுதித் தரவில்லை. மறுநாள் இங்குள்ள தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய், அவர் என்னிடம் சொன்னது, நான் கெஞ்சியது, அவர் சிரித்தது எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். மெஷினைப் பார்க்க முன்னறிவிப்பு இல்லாமல் ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மாதக் கடைசியில் விசாரணை.

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில், "பேசறதுதான் பேசினே, ஆரம்பத்துலயே பேசித் தொலைச்சிருந்தா உங்கண்ணன் வீட்டை விட்டுப் போயிருக்க மாட்டான்ல" என்றாள். அவ்வளவுதான் சமாதானம்.

இப்போது புதுசாக ஒன்று. நேற்று கம்பெனியிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். உங்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, இரண்டு நற்சான்று கொண்டுவந்தார். நல்ல தாளில் அழகாக அடித்திருக்கிறார்கள். உங்களுடையதில், "நேர்மையானவர், கடின உழைப்பாளி, மேலதிகாரிகளிடம் பணிவானவர்" என்று இருக்கிறது. நாம் இரண்டு பேரும் புகார் எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டால் இந்தத் தாள் நமக்கு. எங்கே விசாரித்தாலும் இதையே சொல்வார்களாம். உங்கள் தாளின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

படித்ததும் சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. இது இல்லாமல் எனக்கு இந்த ஊரில் யார் வேலை கொடுப்பார்கள்? அதை நினைத்தபடி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன் என்று எழுத மாட்டேன். நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. நீங்கள் போட்டால் கோபித்துக்கொள்ளவும் மாட்டேன்.

உங்கள் நாத்தனார்

மார்ச் 23

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். நடுவில் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். கண்ணில் தூசியாம். கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் சேர்ந்துவிட்டேன். பொறுப்பாளர் அம்மா என்னைப் பார்த்ததும், "உங்க நாத்தனார் மூச்சு விடாமப் பேசறாங்க" என்றார். அவ்வளவு பேர் நடுவில் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இந்த வேலையை எனக்கு நீதான் வாங்கிக் கொடுத்திருக்கிறாய். என்னால் உன் வேலை போனது. இதை எப்படிச் சுற்றிச் சொன்னாலும் என் மனசு ஆறவில்லை.

அதனால் அந்த நகலைப் படித்தபோது கொஞ்சம் ஆடிப்போனேன். எனக்கு இனி அந்தத் தாள் வேண்டாம், ஆனால் உனக்கு வேண்டுமே. உனக்காகக் கையெழுத்துப் போட்டுத் தொலைத்துவிடலாமா என்று நினைத்தேன். உன் அண்ணன்கூட, "ரெண்டு பேருக்கும் நல்லதுதானே" என்றார். பிறகு "பணிவானவர்" என்ற வார்த்தையில் கண் போனது. அன்றைக்கு நம்மைப் பற்றிப் பேசாமல் இருந்தது அவர்கள் இஷ்டம். இன்றைக்கு நம்மைப் புகழ்வதும் அவர்கள் இஷ்டம். நாளைக்கு வேறு ஏதாவது இஷ்டப்பட்டால் என்ன செய்வோம்? நீ கையெழுத்துப் போட மாட்டேன் என்று எனக்கு முன்னாலேயே முடிவு செய்துவிட்டாய். நான்தான் உன்னைவிடக் கொஞ்சம் தாமதம்.

அந்த நகலிலேயே "பணிவானவர்" என்பதை அடித்துவிட்டு, கீழே எழுதிக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன். என்ன எழுதினேன் என்று உனக்கும் தெரிய வேண்டும்:

"நான் பணிவானவள் இல்லை, அதை எழுத வேண்டாம். நடந்ததை எழுதுங்கள். காப்புக் கம்பியைக் கட்டச் சொன்னோம், இவர் அறுத்தார், ஆகவே வேலையை விட்டு அனுப்பினோம் என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தாருங்கள். எங்கே வேலைக்குப் போனாலும் முதலில் அதைத்தான் காட்டுவேன். என் நாத்தனாருக்கும் ஒன்று வேண்டும். கேட்டவர்களுக்கு உண்மையைச் சொன்னார், ஆகவே அனுப்பினோம் என்று. இரண்டையும் விசாரணைக்கு எடுத்து வாருங்கள்."

எடுத்து வரமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் விசாரணைக்கு முதல் நாளே நான் வந்துவிடுகிறேன். பொறுப்பாளர் அம்மாவிடம் காரணத்தைச் சொல்லியே விடுப்புக் கேட்டேன், கொடுத்துவிட்டார். குட்டையக்காவும் வருகிறாராம். அத்தையிடம் சொல், எனக்குத் தனியாகப் பாய் எல்லாம் போட வேண்டாம், உன் அறையிலேயே படுத்துக்கொள்கிறேன்.

அங்கே அதிகாரிகள் இருப்பார்கள், வக்கீல் இருப்பார், கஞ்சிச்சட்டையும் புதுச் சட்டையில் வந்து உட்கார்ந்திருப்பார். உன்னைக் கூப்பிட்டதும் எழுந்து நில். அவர் பக்கம் பார்க்காதே, என் பக்கம் பார். முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை உட்காராதே.

உன் அண்ணி